ஹெக்தோர் குத்திய முத்திரை

பெல்ஜியத்தில் பாசென்டால் பக்கத்தில் உழுகிறவர்களுக்குக் கலப்பையில் பீரங்கிக் குண்டு தட்டுப்படுவது புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முந்திய போரின் குண்டுகள் இன்னும் மேலே வந்துகொண்டுதான் இருக்கின்றன. எடுத்து மின்கம்பத்தின் அடியில் வைத்துவிட்டால் ராணுவ வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஹெக்தோர் வண்டாம மட்டும் எல்லாவற்றையும் கம்பத்தடியில் வைக்கமாட்டார். வடிவம் கெடாததைத் தன் கொட்டிலுக்குக் கொண்டுபோவார். வெடிமருந்தை நீக்கி, துருவைச் சுரண்டி, உள்ளே மிச்சமில்லை என்று பார்க்கப் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, அடியில் தன் பெயரின் முதல் எழுத்தை உளியால் குத்துவார். சட்டம் அனுமதிக்காத வேலை. ஊரில் யாரும் கேட்டதில்லை.

அந்த எழுத்து இருந்தால் பயமில்லை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பல வீடுகளில் அவர் குண்டுகள்தான் குடை தாங்கின, கதவுக்கு முட்டுக் கொடுத்தன. "என் கல்யாணப் பத்திரத்தைக்கூட நம்பமாட்டேன், ஹெக்தோர் முத்திரைய நம்புவேன்" என்பாள் கஃபே நடத்தும் மரீசா. ஹெக்தோருடைய இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. பீட்ரூட் இயந்திரம் தின்றது. குண்டு வெடித்துப் போன விரல்கள் என்று நினைத்திருந்த வெளியூர்க்காரர்களுக்கு அதைக் கேட்டதும் முகம் வாடிப்போகும்.

நவம்பர் பத்தாம் தேதி காலை அவருக்குப் போன் வந்தது. குண்டுப் பிரிவின் சார்ஜென்ட் நெலே. இரண்டு நாள் முன்பு கம்பத்தடிக் குண்டுகளை ஏற்ற வந்தவள், அவர் வீட்டு வாசலில் குடை செருகியிருந்த குண்டைத் தூக்கிப் பார்த்து, கனம் சரியில்லை என்று கையோடு கொண்டுபோயிருந்தாள்.

"ஹெக்தோர், உங்க குடைக் குண்ட எக்ஸ்ரே எடுத்தோம். எப்படிச் சாய்ச்சாலும் உள்ள ஒரு கோடு மட்டமாவே நிக்குது."

எப்படிச் சாய்த்தாலும் மட்டமாக நிற்பது தண்ணீர் போன்ற ஒன்றுதான். அந்தப் போரில் குண்டுக்குள் அடைத்த விஷத் திரவம். அவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நான் துளை போட்டிருக்கேனேம்மா."

"போட்டது முன்னறையில. நடுவுல தடுப்பு இருக்கு. அதுக்குப் பின்னாடி நெறைய இருக்கு. தடுப்பெல்லாம் துரு தின்னுடுச்சு. இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. ஒரே குட்டையைத் தூர்வாரும்போது இரண்டும் கிடைத்தன. மற்றதைப் போன இலையுதிர்காலத்தில் ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். போர் நினைவுக் கண்காட்சிக்கு. இந்த வருஷக் கண்காட்சி அன்றைக்குத்தான்.

"நாங்க வர நாப்பது நிமிஷம் ஆகும். யாரும் தொடக் கூடாது" என்றாள் நெலே.

பள்ளிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மனைவி ஹோதலீவ் காரை எடுத்துக்கொண்டு பல் வைத்தியரிடம் போயிருந்தாள். எதிர்காற்றில் சைக்கிளை மிதித்தார். எழுபத்தொரு வயது. பாதியில் மூச்சு முட்டியபோது இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினார்.

கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று குண்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். "பயப்படாதீங்க, வெறும் பானை, தட்டிப் பாருங்க" என்று போன வருஷம் அவர்தான் பழக்கியிருந்தார். குண்டுக்குக் கீழே விரிப்பில் பழுப்பாக ஓர் ஈரம். தான் பூசிய எண்ணெயா, வேறு ஏதாவதா? அவருக்கே தெரியவில்லை.

"யோரிஸ், பிள்ளைங்கள வெளிய அனுப்பு."

வாத்தியார் யோரிஸ் சிரித்தார். "மொதல்ல மூச்சு விடுங்க. உங்களத்தான் பேசச் சொல்லணும்னு இருந்தேன்."

"உள்ள விஷம் இருக்குய்யா."

"எதுல? இதுலயா? உங்க முத்திரை இருக்கே." அடியைக் காட்டுவதற்காக யோரிஸ் குண்டைக் கவிழ்க்கப் போனார்.

"கவுக்காத." ஹெக்தோர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அந்த எழுத்து பொய்."

யோரிஸுக்குக் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. எழுபது பிள்ளைகளுக்கு எதிரில் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

மழையில், காற்று வரும் பக்கமாகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒரு சிறுமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்கதானே ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்போ?"



ராணுவ வண்டி வந்தது. குண்டை மணற்பெட்டியில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். முகமூடியைக் கழற்றியபடி நெலே அவரிடம் வந்தாள். "கசியல. விரிப்புல இருந்தது எண்ணெய்தான்." ஹெக்தோர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நெலே நோட்டை எடுத்தாள். "மொத்தம் எத்தனைக்கு முத்திரை குத்தினீங்க?"

"நாப்பத்து மூணு."

"ஒவ்வொண்ணும் யார்கிட்ட இருக்கு?"

மரீசாவின் கஃபே. மருந்துக்கடைக்காரர். பாதிரியார். கோர்த்ரைக் ஊரில் இருக்கும் தங்கை. கோடைக்குக் கோடை பஸ்ஸில் வரும் ஓர் ஆங்கிலேயர், பெயர் பீட்டரோ, பாலோ, என்னவோ. பத்தொன்பதோடு நின்றுவிட்டது. முப்பது வருஷமாகக் கொடுத்ததை எங்கும் எழுதி வைத்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார்கள் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். "எங்க அப்பாவுக்குக் குடுத்தீங்க, அவர் எங்களுக்குக் குடுத்தாரு. தொட்டில் ரூம் கதவுக்கு வெச்சிருக்கோம்."

காரை நோக்கி ஓடினாள். "தொடாதீங்க, பிள்ளைய மட்டும் எடுத்துட்டு வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டே நெலேயின் ஆட்களில் ஒருவன் பின்னால் ஓடினான்.

"இருபது" என்றார் ஹெக்தோர், யாரிடமும் அல்லாமல். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. நோட்டு மழையில் நனையாமல் கையால் மறைத்தபடி நெலே காத்து நின்றாள்.