முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சிகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் கூடலூரில் பள்ளி ஆசிரியர். என் மனைவிக்கு முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது ஏழு மாதம் வரை தங்கிவிட்டது. அவள் படி இறங்கினால் எனக்குப் பயம், தும்மினால் பயம்.

மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். படித்தவன்தான். ஆனாலும் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டினேன்.

மழைக்குப் பின் கொல்லை முருங்கையில் மஞ்சள் அந்துப்பூச்சிகள் வந்து முட்டையிட்டுப் போயின. சில வாரங்களில் அடிமரமே தெரியாதபடி கம்பளிப்பூச்சிகள் அப்பிக்கொண்டன. பகலெல்லாம் அசையாமல் கிடந்து, இருட்டியதும் மேலேறி இலை தின்றன. ஊரில் எல்லாரும் பந்தம் கொளுத்திப் பொசுக்குவார்கள்.

அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "என்ன வாத்தியாரே, வளக்குறீகளா? பெத்தவளுக்குப் பால் ஊற முருங்கைக்கீரைதான குடுக்கணும். அம்புட்டையும் இதுக தின்னுட்டா என்னத்தக் குடுப்பீக? நான் வந்து கொளுத்தவா?"

"வேணாக்கா," என்றாள் என் மனைவி. "அவுக எண்ணி எண்ணி வாய்க்காலுக்கு அங்கிட்டு விட்டுட்டு வருவாக."

அப்படித்தான் செய்தேன். விளக்குமாற்றால் பழைய பானைக்குள் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன். முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு. முழங்கை வரை தடித்து அரித்தது.

"வரிசையா நிக்கவச்சுப் பேரு கூப்பிடுவீக போல," என்று சிரித்துக்கொண்டே அவள் வேப்பெண்ணெய் தடவினாள்.

எத்தனை அள்ளியும் மரம் மொட்டையானது.

எட்டாம் மாதத்தில் வலி கண்டுவிட்டது. பையன் விடியற்காலை பிறந்தான். மதியத்துக்கு மேல் இல்லை.

மறுநாள் நானே பந்தம் கொளுத்தி அடிமரத்தைப் பொசுக்கினேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் காரணம் இல்லை.

ஒரு இணுக்குக் கீரைகூடத் தின்னாமல் மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டியது. ரவிக்கை நனைந்து நனைந்து காய்ந்தது. அடுத்த வீட்டு அம்மாள் நான்கு முழம் மல்லிகைப்பூ வாங்கிவந்தாள்.

"ஏத்தா, இத மார்ல வச்சுக் கட்டு. பால் வத்திரும். வாட வாட மாத்திக்க."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மல்லிகை மணந்தது. விஷயம் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, என்ன விசேஷம் என்று கேட்டார்.