தெற்குப் பார்த்த திரி

யப்பான்காரனோடு நடந்த சண்டைக் காலத்தில் எங்கள் வல்வெட்டித்துறையில் கடல் பக்கம் துளி வெளிச்சம் தெரிந்தாலும் காவல்காரர்கள் படலையில் தட்டி ஏசுவார்கள். சண்டை முடிந்தது, ஏச்சும் நின்றது. ஆனால் கொளுத்த மண்ணெண்ணெய் இல்லை. கூப்பனுக்குக் கிடைத்த ஒரு போத்தலை அம்மா நகைபோலக் காத்து வந்தார்.

அப்படியிருக்க, அடுத்த வளவில் சின்னம்மா வீட்டுக் கடல்பக்க யன்னலில் மட்டும் பொழுதுபட்டால் அரிக்கன் லாம்பு எரியும். சித்தப்பா ரங்கூனுக்குக் கப்பலில் போய் நாலு வருடம். சண்டையில் அகப்பட்டவரைப்பற்றி ஒரு சேதியும் இல்லை.

"கடலிலை போனவனுக்கு விளக்கு வைக்கிறது சரி. எண்ணெய் எங்காலை? ஆர் இவளுக்குக் கொண்டுவந்து குடுக்கிறது?" என்றார் அம்மா. அந்த 'ஆர்' என்பதில் ஓர் ஆணின் நிழல் இருந்தது எனக்கு விளங்கவில்லை. உளவு பார்க்கச் சொன்னார். எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது?

வேலி ஓட்டையால் பார்த்தேன். சின்னம்மா பொழுதிருக்கவே சமைத்து முடித்தார். இருட்டுக்குள் சாப்பிட்டார், இருட்டுக்குள் பாய் விரித்தார். யன்னலில் எரிந்ததைத் தவிர வீட்டில் வேறு விளக்கே இல்லை. களவெண்ணெய் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் நடிப்பார்கள் என்று முடிவு கட்டினேன். அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

"ஓம், அவள் லேசுப்பட்டவளில்லை."

ஒருநாள் பின்னேரம் முன்பின் தெரியாத ஒருவர் சாக்கில் சுற்றிய எதையோ தோளில் சுமந்துகொண்டு சின்னம்மா வீட்டுக்கு வந்தார். சற்று நேரத்தில் வெறுங்கையோடு தலை குனிந்து போனார். எண்ணெய்த் தகரம்தான், சந்தேகமில்லை. முழுச் சாட்சியோடு பிடித்துக் கொடுக்க வேண்டுமென்று பொழுதுபடும்வரை வேலியைவிட்டு நகரவில்லை.

அன்று யன்னல் இருட்டாகக் கிடந்தது. உள்ளே நிலத்தில் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் சாக்குப் பிரித்த தகரப்பெட்டி. அதிலிருந்த ஒரு ஆண்பிள்ளைச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு சின்னம்மா அசையாமல் இருந்தார்.

ஓடிவந்தேன். அம்மா புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு ஆள் வந்து தகரப்பெட்டி குடுத்திட்டுப் போனார். சின்னம்மா லாம்பை ஒளிச்சுப்போட்டா. நிலத்திலை ஒரு குட்டி விளக்குத்தான் வச்சிருக்கிறா."

அம்மாவின் கை நின்றது.

"திரி எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

கடல் வடக்கே கிடப்பதை நினைத்துக் கணக்குப் பார்த்தேன். "தெற்கை."

எங்கள் வீடுகளில் ஒரு திரியைத் தெற்கே பார்க்க வைப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான். அதை எனக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அம்மா பாதித் தேங்காயைப் போட்டுவிட்டு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினார். களவைப் பிடிக்கத்தான் போகிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சின்னம்மா கதறும் சத்தம் கேட்டது. நல்லாய் அகப்பட்டுவிட்டா என்று நினைத்தேன். ஆனால் அதைவிடப் பெரிதாக அம்மா ஏன் கதறினார், சின்னம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஏன் மன்னிக்கச் சொன்னார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.