எட்டு மாதம் மூத்தவன்

இலவ மரங்களுக்கு நடுவே மலையை நோக்கிப் போகிறது வண்டிப்பாதை. போடியில் பஸ்சை விட்டு இறங்கியதிலிருந்து மூவாயிரத்து நூற்றுப் பத்து அடிகள் எண்ணிவிட்டேன். என்னோடு வேலைபார்த்து ஓய்வு பெற்ற சுந்தரம் இருபது அடி முன்னால், மூச்சு வாங்காமல் பாடிக்கொண்டே போகிறான்.

அடிவாரச் சோளக்காட்டில் களையெடுக்கும் பெண் நிமிர்கிறாள். ஐம்பது வயதிருக்கும்.

"எங்கண்ணே, ஓடை வரைக்குமா?" என்று அவனிடம் கேட்கிறாள். என்னைப் பார்த்ததும், "தாத்தாவையுமா ஏத்துறீக? பாவம்ண்ணே!"

"அவன் என்னைவிட எட்டு மாதம் மூத்தவன்ம்மா" என்கிறேன்.

"அட போங்க தாத்தா! இந்தாங்க, சரளை வழுக்கும்" என்று சிரித்தபடி வரப்பில் கிடந்த கம்பை என் கையில் திணிக்கிறாள். சுந்தரமும் சிரிக்கிறான். அவனுக்கு ஒரு பல்கூட விழவில்லை. எனக்குப் பதினேழுதான் மிச்சம்.

ஓடையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறோம். இறக்கத்தில் அவன் முழங்கால் நடுங்குகிறது.

"டேய், அந்தக் கம்பக் கொஞ்சம் கொண்டாடா."

காது கேட்காதவன் போல நானூறு அடிகள் நடக்கிறேன். சோளக்காடு வந்ததும், அவள் நிமிர்ந்து பார்க்கிற நேரமாகப் பார்த்து, கம்பை அவனிடம் நீட்டுகிறேன்.