அண்ணத்தில் ஆறாத புண்

சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் உப்புக் கரித்தது. துப்பிப் பார்த்தால் ரத்தம்.

மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் (வாயின் மேற்கூரை) ஒரு புண். உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டேன். ஆறுவதுபோல் ஆறும், மறுபடி கிழியும். புளி உலுக்கும் காலத்தில் ஒரு முன்பல்லும் ஆடத் தொடங்கியது.

நான் புதூர்நாட்டில் தையல் வேலை செய்பவள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆறாத வாய்ப்புண் புற்றுநோயாக இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் ஜீப்பில் மலையிறங்கி, திருப்பத்தூரில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன்.

அவர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

"கடிச்சுக் காட்டுங்க. கீழ்ப்பல்லு ஒண்ணாவது தெரியுதா?"

தெரியவில்லை.

"அது மேல போய் அண்ணத்துல குத்துது. வாய மூடுறப்பல்லாம் நீங்களே புண்ணக் கீறிக்கிறீங்க."

இதற்கு ஆழ்கடி (மேற்பற்கள் கீழ்ப்பற்களை அளவுக்கு மீறி மூடிக்கொள்வது) என்று பெயர். நான் பயந்த நோய் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். கம்பி போட வேண்டும் என்றதும் சிரிப்பு வந்தது.

"இந்த வயசுலயா டாக்டர்?"

"ஈறும் எலும்பும் நல்லா இருந்தா எந்த வயசுலயும் பல்லு நகரும். உங்களுக்கு முதல்ல ஈற சரி பண்ணணும். இப்பிடியே வுட்டா முன்பல்லு போய்டும்."

ஈறு தேறிய பிறகு கம்பி போட்டார்கள். கீழ்ப்பல் அண்ணத்தைத் தொடாதிருக்க, மேல் முன்பற்களின் பின்புறம் சிறு மேடு ஒன்றை ஒட்டினார்கள். அதனால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. எதையும் மெல்ல முடியவில்லை.

மாமியாருக்குக் கோபம். "புள்ள பெத்தவளுக்கு இன்னாத்துக்கு இந்த அழகு?"

செல்போன் வெளிச்சத்தை அடித்து வாயைத் திறந்து காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்த வெச்சிக்கினா இத்தினி நாளா தின்ன?"

மறுநாள் காலையில் எனக்கென்று தனியாகக் கேழ்வரகுக் கூழ் நீர்க்கக் காய்ச்சி வைத்திருந்தார்.

புண் சீக்கிரமே ஆறிவிட்டது. வலி போனதும் எனக்கு அலட்சியம் வந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் நெருக்கடியில் இரவு பல் துலக்காமலே படுத்தேன். ஈறு வீங்கியது.

"இன்னொரு தடவ இப்பிடி வந்தா கம்பிய எடுத்துடுவேன்" என்றார் மருத்துவர். "அழுக்கோட பல்ல நகர்த்துனா எலும்பு கரையும். என் வேல மாசத்துக்கு ஒரு நாள். மத்த நாளெல்லாம் உங்க வேல."

திரும்பும் ஜீப்பில் வீங்கிய ஈறை நாக்கால் தடவிக்கொண்டே வந்தேன். மலைவளைவுகள் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன்: இந்தப் பற்களை விடப்போவதில்லை.

அதன்பின் எங்கே சாப்பிட்டாலும் பல் துலக்கினேன். கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ் எப்போதும் கைப்பையில் இருந்தது. ஒரு கல்யாணத்தில் பந்தலுக்குப் பின்னால் நின்று துலக்கியபோது உறவுக்காரப் பெண் ஒருத்தி சிரித்தாள்.

"இன்னாக்கா, திங்கறதும் தேய்க்கறதுமாவே கீற?"

"திங்கணும்னா தேய்க்கணும்மா" என்றேன்.

இதைப் படிக்கும் நீங்களும் கம்பி போட்டிருந்தால் உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். வலி நின்ற நாளில் பாதி வேலைகூட முடிந்திருக்காது.

கம்பியை எடுத்த அன்று நாக்கு பற்களின் மேல் வழுக்கியது. யாருடைய வாயோ போலிருந்தது. இப்போது இரவில் ரிடெய்னர் (பற்கள் பழைய இடத்துக்கே திரும்பாமல் பிடித்து நிறுத்தும் உறை) போட்டுக்கொண்டு தூங்குகிறேன். குணமான நாள் எது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. எலும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. என் அவசரமும் அந்த வேகத்துக்கு இறங்கிவிட்டது.

போன வாரம் ஒரு பலாச்சுளையை முன்பல்லால் கடித்தேன். கீழ்ப்பல் மேற்பல்லைத் தொட்டு நின்றது. அவசரமில்லாமல் மென்றேன்.