காதைப் பார்க்காத டாக்டர்

தோட்டின் கனத்தில் கிழிந்த காதைத் தைக்க, ஜார்ஜ்டவுனில் ஓர் அழகு சிகிச்சை டாக்டரிடம் போனேன். கல்யாணத்துக்குப் போவதுபோலச் சிங்காரித்துக்கொண்டு, வழக்கம்போல முடியால் காதை மூடியிருந்தேன். அவர் முடியை விலக்கச் சொல்லவே இல்லை. “மூக்கையும் சேர்த்து எடுப்பாக்கிடலாம், இன்னைக்கே” என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கூட வந்த தங்கை கையைப் பிடித்தாள். “அக்கா, ரெண்டாவது ஓட்டை குத்துன எடம் கொண்டக்கடல மாதிரி தடிச்சு நிக்குதே, அத கேட்டாரா? காதயே பாக்காத ஆளு கையில மூக்க குடுக்கப் போறியா லா?”

வெளியே வந்துவிட்டோம். பக்கத்து ஊரான ஜெலுத்தோங்கில் பார்த்த இன்னொரு டாக்டர், தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கத்தி பட்டா தடிக்கிற தோலும்மா, காத தைக்கிறதையே யோசிச்சுத்தான் செய்யணும், மூக்க தொடாதீங்க” என்றார்.

பாவம், என்னைப்போல எத்தனை பேர் மறைத்துக்கொண்டு போகிறார்களோ! இப்போதெல்லாம் கொண்டை போட்டுக்கொண்டுதான் டாக்டரிடம் போகிறேன். பார்க்காமலே பேச ஆரம்பித்தால், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.