ஒரே வரிசையில் முடிச்சுகள்

வேலாயுதத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவனைப் பற்றிச் சொல்லும்போது அதை மறைக்கவும் மாட்டேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு மெக்கானிக் ஷெட். எஞ்சின் வேலை என்னுடையது, ஒயரிங் வேலாயுதத்தினுடையது. அவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இடது காலில் யானைக்கால் வந்து குழித்தறியில் இறங்க முடியாமல் போனபின், முப்பது வயதுக்கு மேல் ஒயரைப் பிடித்தவன். தறியில் பாவு என்கிற நீளவாட்டு நூல் தீர்ந்தால் பழைய இழைகளை அறுத்து எறிய மாட்டார்கள். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிப் பிணைப்பார்கள். அதில் வேலாயுதம் கெட்டிக்காரன். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கில் பிணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பானாம். எங்கள் ஷெட்டிலும் அவன் பக்கத்தில் ஒரு விபூதித் தட்டு இருக்கும். காருக்கு வேப்பிலை அடிக்கப் போகிறாயா என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே முறுக்குவான். பேசுகிற ஜாதி இல்லை அவன்.

எழுபத்துநாலில் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. வாலாஜாபாத் ஆதிகேசவன் விவசாயி. முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்களுக்காக ஒரு பழைய அம்பாசடரை வாடகைக்கும் ஓட்டினார். அதில் டீசல் எஞ்சின் மாற்றித் தரச் சொன்னார். மாற்றுவதே மாற்றுகிறோம், ஒயரையும் அடியோடு புதிதாகப் போட்டுவிடலாம் என்றேன். வேலாயுதம் கேட்கவில்லை. பழைய ஒயர் திடமாகத்தான் இருக்கிறது, புது எஞ்சினுக்கு வேண்டியதை அதோடு பிணைத்தால் போதும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஆதிகேசவனும் அவன் பக்கம் சாய்ந்தார்.

அவன் பிணைத்து முடித்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். எல்லா முடிச்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நேர்வரிசையில் இருந்தன. தறியில் அப்படி இருந்தால்தான் முடிச்சுகள் சேர்ந்தாற்போல் சீப்புப் போன்ற அச்சைத் தாண்டும். காரில் அப்படி இருக்கவே கூடாது. முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளிப் போட்டால்தான் ஒன்றோடொன்று உரசாது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, என்ன அழகு என்றுதான் நினைத்தேன்.

ஆறு மாதத்தில் ஆதிகேசவன் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். உச்சி வெயில். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு எல்லோரும் வாசலில் நின்றிருந்தோம். கார்ச் சாவி உள்ளே அவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. கார் பூவரச மரத்தடியில் நின்றது. அதன் அருகே ஓர் ஆள் இல்லை. செல்ஃப் ஸ்டார்ட்டர் ஒரு தரம் கரகரத்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தக் காரின் கைப் பிரேக் பெயருக்குத்தான். யாரும் உட்காராத கார் மெல்ல நகர்ந்து, பத்தடி வந்து, வைக்கோற்போரில் முட்டி நின்றது. சோற்றருகே வந்த காக்கை தொடாமலே எழுந்து போயிற்று. நான் சர்ச்சுக்குப் போகிறவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் காரின் பக்கம் நான் போகவில்லை.

அவர் மனைவி ரேணுகாம்பாள் மட்டும் அழாமல் நடந்துபோய், பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று புறப்படும் முன் கியரில் நின்றிருந்த வண்டியை நானே நியூட்ரலில் தள்ளிவிட்டு வந்தேன். அப்புறம் எஞ்சின் கிளம்பினாலும் வண்டி நகராது. பத்து நாள் கழித்து ஆள் வந்து சொன்னான். மறுபடி உச்சிவேளை, மறுபடி தானாகக் கிளம்பியிருக்கிறது; நகர்ந்தும் இருக்கிறது. ரேணுகாம்பாள் பின்சீட்டில் இருந்திருக்கிறாள். கிணற்றுக்கு ஒரு முழம் இருக்கையில் கல் தடுக்கி நின்றதாம். நியூட்ரலில் விட்டது நான்.

வேலாயுதம் கருவிப் பையை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினான். பானட்டைத் திறந்து டேப்பைப் பிரித்தான். வெயில் சூட்டில் பசை இளகி, பேட்டரி ஒயரின் முடிச்சும் செல்ஃப் ஒயரின் முடிச்சும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் சாவி இல்லாமல் செல்ஃப் வெறுமனே சுற்றியிருக்கும். டீசலுக்குச் சாவி எதற்கு? நாலு சுற்று சுற்றிவிட்டால் தானே ஓடும். என் கோபம் தலைக்கு ஏறியது. அவனோ நேரே ரேணுகாம்பாளின் முன் போய் நின்றான்.

"அவரு இல்லமா அது. நான் போட்ட முடிச்சு. என் கைதான்."

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல், கியர் எப்படி விழுந்தது என்று நான் கேட்டேன்.

"நாந்தான் போட்டேன். அவரு எப்பவும் கியர்ல உட்டுட்டுத்தான் எறங்குவாரு. மாத்தி வெச்சா எப்படிப்பா வருவாரு?"

அவள் வேலாயுதத்தின் பக்கம் திரும்பினாள்.

"பிரிச்சிட்டா இனிமே வரமாட்டாரில்ல?"

அவன் காரிடம் திரும்பிப் போனான். முடிச்சுகளைப் பிரித்து, தள்ளித் தள்ளிப் போட்டான். கடைசியில் செய்த வேலையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பேட்டரி ஒயரிலிருந்து, நடுவில் ஒரு ஃப்யூஸ் வைத்து, ஓர் இழையை இழுத்தான். கூரையில் இருக்கும் உள்விளக்கின் ஒயருக்குப் பக்கத்தில் அதன் முடிச்சைக் கொண்டுவந்து ஒட்டினாற்போல் விட்டான். தெரிந்தே அதே தப்பு. புத்தி கெட்டுப் போச்சா உனக்கு என்று கத்தினேன்.

"இது யாரையும் இடிக்காது சாமு. எரிஞ்சிக்கினு போவட்டும்."

அப்படியே ஆயிற்று. வெயில் ஏறினால், சில நாளில், காருக்குள் விளக்கு தானாக எரியும். ரேணுகாம்பாள் போய் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அது நடந்தது.

எழுபத்தேழில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், பேட்டரி வெடிப்பு விட்டு ஆசிட் கசிந்துகொண்டிருந்தது. அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புதியது போடவும் இல்லை, சொல்லவும் இல்லை. இதோடு தீரட்டும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து கடைத்தெருவில் என்னைக் கண்டு நின்றாள். முகம் தெளிவாக இருந்தது.

"நேத்து ரொம்ப நேரம் எரிஞ்சுதுபா" என்றாள்.

ஷெட்டுக்கு வந்து, பேட்டரியைக் கழற்றியதையும் அவள் சொன்னதையும் வேலாயுதத்திடம் சொன்னேன். முறுக்கிக்கொண்டிருந்த ஒயரை அவன் கீழே வைத்தான். விரலில் இருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"பேட்டரிய கழட்டினத அவங்ககிட்ட சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லாத."

இன்றுவரை சொல்லவில்லை.