சகாயராணியின் புது ரூட்டர்

கம்பைநல்லூர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சகாயராணிக்குச் செல்போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டில் அப்படியொரு பிரியம் என்றால் அக்கம்பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஞாயிறு பூசைக்கு முதல் பெஞ்சில் உட்காருகிற பெண், சாயங்காலமானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பின்னாடி ஒருத்தன் வர்றான், மறைஞ்சிக்கோங்க" என்று செல்போனுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கூட விளையாடுவது அவள் கணவன் சின்னராஜ். போர்வெல் வண்டியில் ஆபரேட்டர். வருஷத்தில் பாதிக்கு மேல் தெலங்கானா, சத்தீஸ்கர் பக்கம் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். சாதாரணமாகப் போன் செய்தால் "சாப்டீங்களா", "சாப்டேன்" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். விளையாட்டுக்குள் போய்விட்டால் இருவருக்கும் வாய் திறந்துகொள்ளும். எதிரியைத் தேடி நடக்கிற நேரத்தில் மகள் படிப்பிலிருந்து போர்வெல் ஓனரின் சிடுசிடுப்பு வரை எல்லாம் பேசிவிடுவார்கள். பெங்களூரிலிருந்து அவள் தம்பி மரிய ஆனந்தும் சேர்ந்துகொள்வான்.

சித்திரையிலிருந்து சின்னராஜின் குரல் அறுந்து அறுந்து வந்தது. பாதிப் பேச்சில் காணாமல் போகும். கொஞ்சம் கழித்து வேறெங்கோ தொடங்கும்.

"நம்ம வூட்டு நெட்டு சரியில்ல ராணி" என்பான்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. நர்சிங் படிக்கும் மகள் அருள்ராணி பாட வீடியோக்களை டவுன்லோட் போட்டால் போதும், விளையாட்டில் சகாயராணியின் வீரன் ஓடுகிற ஓட்டத்திலேயே சிலையாகி நின்று குண்டடிபட்டுச் சாவான். வீட்டில் வைஃபை தரும் ரூட்டர், இணைப்பு கொடுத்தபோது கூடவே வந்த பழையது.

கேபிள்காரர் முனிராஜ் புதியது ஒன்று கொண்டுவந்தார். "இதுல ரெண்டு சிக்னல் வரும்க்கா. ஒண்ணு தூரமா போவும், வேகம் கம்மி. இன்னொண்ணு நல்ல வேகம், ஆனா செவுரு தாண்டாது. டிவி பக்கத்துல வெச்சா பிரயோசனமில்ல." வயரை நிலைப்படிக்கு மேலாக இழுத்து, நடு அறை அலமாரி உச்சியில் வைத்தார்கள். விளையாட்டு முதலில், டவுன்லோட் பிறகு என்று செட்டிங்கிலும் மாற்றிக் கொடுத்தார்.

"எனக்கு ஸ்லோ ஆவுமே மா" என்றாள் அருள்ராணி.

"நாங்க வெளயாடற நேரம் மட்டுந்தான்டி. மிச்ச நேரம் பூரா உனக்குத்தான்."

அன்று அவள் வீரன் எண்ணெய் போட்டதுபோல் ஓடினான். தம்பியின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. சின்னராஜின் குரல் மட்டும் பழையபடி அறுந்தது. அவன் பக்கத்து டவர்தான் காரணமோ என்று திரையைப் பார்த்தாள். அவன் வீரன் எங்கும் தடுமாறவில்லை. ஆனால் குரல் நிற்கும்போதெல்லாம் அவன் பெயருக்குப் பக்கத்திலிருந்த மைக் படத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அவனவன் கையால் மைக்கை அணைத்தால் விழுகிற கோடு அது.

தம்பி இருக்கும்போது அவள் எதுவும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் போன் செய்தாள்.

"என்னங்க, மைக்க நீங்களேதான் ஆஃப் பண்றீங்க. எதுக்கு?"

"இருமல் வருது ராணி. நீ கேட்டா பயந்துக்குவ."

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு வந்துட்டுப் போனதுல இருந்து. இப்பத்தான் அடக்க முடியல."

கல்தூசியில் வேலை செய்கிறவர்கள் இருமல் மருந்து கேட்டு வந்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று கடையில் சொல்லி அனுப்புகிறவள் அவள். கோபத்தை அடக்கிக்கொண்டு, "இருமிட்டே பேசுங்க, நான் கேக்கறேன்" என்றாள். அவன் இருமினான். அடங்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தாள்.

"கெளம்பி வாங்க."

"ஓனரு வுட மாட்டாரு."

"அவரு நம்பர குடுங்க. நான் பேசிக்கறேன்."

அந்த வாரமே வந்து சேர்ந்தான். தருமபுரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கல்தூசி நுரையீரலில் படிய ஆரம்பித்திருக்கிறது, சீக்கிரமே வந்துவிட்டீர்கள், இனி துளைபோடுகிற இடத்தில் நிற்கக்கூடாது என்றார். திரும்பும் பஸ்ஸில் மொரப்பூர் வந்தபோது அவன் சொன்னான்.

"எனக்கு வேற வேல தெரியாதே."

"லாரி ஓட்டத் தெரியுமில்ல" என்றாள் சகாயராணி.

வீட்டிலிருந்த நாட்களில் அவன் முன்னறையிலும் அவள் உள்ளறையிலுமாக விளையாடினார்கள். அவன் இருமினால் அவளுக்கு இரண்டு தடவை கேட்கும், கதவு வழியாக ஒரு தடவை, ஹெட்போனில் இன்னொரு தடவை.

ஆடியில் அதே ஓனரிடம் பைப் ஏற்றும் லாரிக்கு மாறினான். சம்பளம் குறைவு, ஓட்டம் அரூர், திருவண்ணாமலையோடு சரி. இருமல் முழுதாகப் போகவில்லை, போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இப்போது வாரத்தில் பாதி ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்குகிறான்.